கிணற்றடியில் காணாமல் போன ஆறாவது படி

மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். மறுநாள் ஆடிக் கிருத்திகை. மஞ்சள் வேட்டியும் காவடியுமாகச் சாலை முழுக்க ஆட்கள் திருத்தணியை நோக்கி வந்துகொண்டிருக்க, எதிர்த்திசையில் போனவன் நான் ஒருவன்தான். கூட்டத்துக்காகப் பேருந்துகளை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். பொதட்டூர்பேட்டை வரை நடந்தால் பள்ளிப்பட்டு வண்டி கிடைக்கும், அங்கிருந்து நகரி, அப்புறம் திருப்பதி. திருப்பதியில் என்ன வேலை என்று யோசிக்கவில்லை. தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சாப்பாட்டு டப்பா. எந்த வேலையை விட்டாலும் என்னிடம் இவ்வளவுதான் இருக்கும்.

அன்று காலையில் நான் விட்டது ஒரு ஸ்டார்ட்டர் கம்பெனி வேலை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டுகிற பெட்டியை அந்தக் கம்பெனி செய்தது. வீட்டில் இருந்தபடி போனில் தட்டினால் வயலில் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடும். பெட்டியை எப்படி மாட்டுவது, எப்படிப் பழுது பார்ப்பது என்று மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி எழுதிக் கொடுக்கும். அதைக் கணினியில் தமிழிலும் தெலுங்கிலும் ஏற்றுவது என் வேலை.

என் பெயர் ஏகாம்பரம். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தேன். எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. விசைத்தறி, லாரி கிளீனர், ரேணிகுண்டாவில் ஓட்டல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் குழாய் தூக்குவது, கடைசியில் தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் செய்யும் கடை. போர் வண்டியில் ஒரு விரல் நசுங்கியது. ஓட்டலில் மாவு மூட்டை மேல் படுத்துத் தூங்கினேன். எதுவும் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்கிற வசதி இருந்தது. டைப் கடையிலிருந்துதான் கம்பெனிக்காரர்கள் என்னைக் கூட்டிப் போனார்கள். இரண்டு மொழியிலும் விரல் ஓடும், மோட்டாரும் கொஞ்சம் தெரியும் என்பது அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அலுவலகத்தில் சேர்ந்த பிள்ளைகள் சில நாள் முன்பு வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் மெக்கானிக் போனில் கேள்வி கேட்டால் இயந்திரமே நம் கோப்பைப் படித்துப் பதில் சொல்கிறதாம். வேறு இடங்களில் அது ஒன்றுக்கொன்று முரணாக உளறுகிறது, நம்முடையதில் உளறுவதில்லை, நம் கோப்பு மட்டும் ஏன் இவ்வளவு சின்னது, யார் குறைத்தது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் அந்தக் கிருத்திகைக்கு முந்தைய நாளில் தொடங்குகிறது.

காலையில் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிப்பட்டு பக்கம் ராஜம்மா என்கிற விவசாயியின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதை மாட்டியவன் எங்கள் மெக்கானிக் முனிரத்தினம். தண்ணீர் கீழே போய்விட்டதால் பழைய சின்ன மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரியதை இறக்கியிருந்தான். பெரிய மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பெட்டிக்குப் புதிதாகக் காட்டிக் கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் பெட்டி பழைய மோட்டாரின் அளவையே மனதில் வைத்திருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் பெரிய மோட்டார் அந்த அளவுக்கு மேலேயே இழுப்பதால் பெட்டி ஒன்றும் கண்டுகொள்ளாது. அப்படித்தான் வறட்டு ஓட்டம் ஓடி எரிந்திருக்கிறது.

மேலாளர் என் கையில் அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தார். "ஆறாவது ஸ்டெப்பைப் படிங்க."

படித்தேன். "புதிய மோட்டாரை மாட்டிய பின், தண்ணீர் வரும்போதே செட் பொத்தானைப் பச்சை விளக்கு எரியும் வரை அழுத்திப் பிடிக்கவும்."

"என் போன்ல இந்த ஸ்டெப்பே இல்ல சார்," என்றான் முனிரத்தினம்.

மேலாளர் தன் போனைத் திறந்தார். ஆறாவது படி வீடியோவோடு வந்து நின்றது. வலைத்தளத்தைத் திறந்தார். அதிலும் இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். மோட்டார் எரிந்தது ஒரு தப்பு, பொய் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு என்றார் மேலாளர். கிருத்திகை முடிந்து முதலாளி வந்ததும் சர்வீஸ் கார்டை ஒப்படைக்க வேண்டும். கார்டு போனால் எங்கள் கம்பெனி வேலை மட்டும் போகாது. அந்த வட்டாரத்தில் எந்தக் கடையும் அவனை நம்பிச் சாமான் தராது, எந்த விவசாயியும் கிணற்றடிக்கு விடமாட்டார். அவன் வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான்.

என் வாயால் படித்து ஒருவன் பிழைப்பு போவது எனக்குப் பிடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காவடிக் கூட்டம் குறைந்த இடத்தில் பின்னால் ஹாரன் அடித்தது. முனிரத்தினம். வண்டியை என் காலருகே நிறுத்தினான்.

"இன்னாணா, ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரி படிச்சிட்டு எங்க போய்கினு இருக்கீங்க?"

"திருப்பதிக்கு."

"பாவம் தீக்கவா? ஏறுங்க. பள்ளிப்பட்டுல வுட்டுடறேன்."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்குது. அதுக்குன்னு நடக்க வுட முடியுமா? ஏறுங்க."

பொதட்டூர்பேட்டையைத் தாண்டினோம். பிறகு நானே கேட்டேன்.

"நிஜமாவே அந்த ஸ்டெப்பு இல்லையாடா?"

"என் பொண்ணுங்க மேல சத்தியமா இல்லணா. சொன்னா யாரு நம்பறது? இப்போ தொறந்தா எனக்கே வருது. எனக்கே நான் பொய் சொல்றனோன்னு இருக்குது."

"அன்னிக்கு எங்க நின்னுகினு பாத்த?"

"கெணத்தாண்ட."

"அங்கயே போலாம்."

ராஜம்மாவின் நிலம் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் பள்ளத்தில் இருந்தது. வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் கல்லக்கா, வாடத் தொடங்கியிருந்தது. வரப்பில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்.

"இன்னா நைனா, அடுத்த மோட்டாரைக் கொளுத்த ஆள் கூட்டியாந்துகினியா?"

"இவரு மேனுவல் எழுதறவரும்மா."

"ஓகோ. எப்படிக் கொளுத்தணும்னு எழுதறவரா?"

முனிரத்தினம் பெட்டிக்கு முன்னால் நின்று போனைத் திறந்தான். சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாவிட்டாலும் படிக்க வேண்டும் என்றுதான் கோப்பைப் போனுக்குள்ளேயே இறக்கி வைத்திருந்தோம். பெட்டியின் மாடலைத் தேர்ந்தெடுத்தான், பழைய மாடல். ஐந்தாவது படி, மூன்று ஒயர்களையும் இறுக்கவும். ஆறாவது படி, மூடியைப் பூட்டவும்.

செட் பொத்தான் இல்லை. நடுவில் ஓட்டை விழுந்த அடையாளமும் இல்லை. எண்களைக் கணினி தானாகப் போடுவதால் ஏழு இருந்த இடத்தில் ஆறு வந்து உட்கார்ந்திருந்தது. யார் பார்த்தாலும் முழுசாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

"பாத்தீங்களா?" என்றான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்தேன்."

ராஜம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா, தப்பு உங்க பேர்லயா?"

"ஆங், எங்க பேர்லதாம்மா."

"அப்போ எனக்கு மோட்டார் எப்போ வரும்? கல்லக்கா காத்துகினு இருக்காது."

திருப்பதிக்குப் போகவில்லை. அவன் வண்டியிலேயே திரும்பி வந்தேன். மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு நிர்மலா மேடம் வீட்டு வாசலில் நின்றேன்.

நிர்மலா மேடம் எங்கள் மேனுவல் செக்‌ஷன் தலைவி. என்னைவிட வயதில் சின்னவர். முதுகு வலி என்று உட்காரவே மாட்டார். இரும்பு அலமாரி ஒன்றைப் படுக்கப் போட்டு அதன்மேல் கணினியை வைத்து நின்றபடியே வேலை செய்வார். எதையும் சொன்னால் கேட்க மாட்டார், காட்டினால்தான் கேட்பார். ஒரு வரியைப் பார்க்கும்போது மற்ற வரிகளைக் கையால் மூடிக்கொள்வார். பாராட்டு என்பது அவரிடம், "சரி, அடுத்தது." திட்டு என்பது, "திரும்பப் படிங்க."

மஞ்சள் புடவையோடு வெளியே வந்தார். குடும்பமே மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் சொல்லத் தொடங்கியதும், "செல்லைக் குடுங்க," என்றார். சிக்னலை அணைத்தார். பழைய மாடலைத் தொட்டார். ஐந்தாவது வரிக்குக் கீழே கையை வைத்து மூடினார். கையை எடுத்தார். மறுபடி மூடினார், எடுத்தார்.

உள்ளேயிருந்து அவருடைய மாமியார், "நிர்மலா, நேரமாவுது!" என்றார்.

"நீங்க போங்க அத்தை. முருகன் அங்கயேதான் இருப்பாரு. முனிரத்தினம்தான் போயிடுவான்."

அலுவலகத்தில் காவலாளி தவிர யாரும் இல்லை. எங்கள் கோப்பு எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மூலக் கோப்பு ஒன்றுதான். அதிலிருந்து அச்சுப் புத்தகம், வலைத்தளம், போன், பெட்டியின் முகப்பில் இருக்கிற சின்னத் திரை என நான்கு உருவங்கள் வரும். எந்தப் பத்தி எதில் வர வேண்டும் என்று அதன் தலையில் ஒரு டேக் ஒட்டுவோம். 'போனுக்கு மட்டும்', 'புத்தகத்துக்கு வேண்டாம்', 'பழைய மாடலுக்கு மட்டும்' என்று. ஆரம்பத்தில் நல்ல ஏற்பாடு.

ஆனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எதையும் அழிக்கமாட்டார்கள். நான் சேர்வதற்கு முன்னால் ஒருவர் விற்பனை நின்றுபோன மாடலின் பத்தியை அழித்துவிட்டாராம். அந்த மாடல் நூற்றுக்கணக்கான வயல்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிய திட்டு செக்‌ஷனில் கதையாக நின்றது. அதிலிருந்து வேண்டாத வரிக்கு 'காட்டாதே' என்று டேக் போட்டு மறைப்பார்கள். புது மாடல் வந்தால் பழைய மாடலின் பக்கங்களோடு புதியதைக் கோர்த்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற நூல், தீர்ந்தால் இதையேதான் செய்வோம். புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் மிச்ச நுனிகளோடு ஒவ்வொன்றாக முடிந்து இழுத்தால் போதும். ஒவ்வொரு இழையையும் விழுதின் கண்களில் முதலிலிருந்து கோர்க்கும் வேலை மிச்சம். ஆனால் முதல் பாவில் ஓர் இழை தப்பான கண்ணில் போயிருந்தால், அப்புறம் வருகிற எல்லாப் பாவும் அதே கண்ணில்தான் போகும். புடவைக்குப் புடவை அதே கோடு விழும். கோப்பைத் திறந்தபோதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. சம்பளத்துக்கு டைப் செய்கிறவன், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

திரையில் பார்த்தால் டேக்குகளின் நிறங்கள்தான் தெரிந்தன, வரி தெரியவில்லை. மேடம் அந்த அத்தியாயத்தை அப்படியே அச்செடுத்தார். டேக்கோடு சேர்த்து ஒவ்வொரு பத்தியையும் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினோம். பெட்டிகளைச் சோதிக்கிற பெரிய மேசையைக் காலி செய்து நான்கு அட்டைப் பெட்டிகள் வைத்தோம். புத்தகம், வலை, போன், சின்னத் திரை. மேடம் ஒரு துண்டை எடுத்து டேக்கைப் படிப்பார், எந்தப் பெட்டி என்று நான் சொல்ல வேண்டும், முனிரத்தினம் போடுவான். இரண்டு பெட்டிக்குப் போகிற துண்டென்றால் நகல் எடுத்துப் போட்டோம். காகிதம் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் மூன்று பேரும் வியர்வையில் நனைந்திருந்தோம்.

"நாலுத்துலயும் போடக் கூடாதுன்னா எதுல மேடம் போடறது?" என்றான் முனிரத்தினம்.

"கீழ போடு."

மதியத்துக்குள் தரையில் கிடந்த குவியல் நான்கு பெட்டிகளையும்விடப் பெரிதாக இருந்தது. யாருக்குமே போய்ச் சேராத பத்திகள். அவற்றை அழிக்காமல் ஒவ்வொரு முறையும் சுற்றிப் போய், சுற்றி வந்து, எழுதிக்கொண்டிருந்தோம்.

செட் பொத்தான் துண்டை மேடம்தான் கண்டுபிடித்தார். கையால் மற்றதை மூடிக்கொண்டு டேக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார். போனில் இந்த வரி வேண்டாம், அங்கே வீடியோ இருக்கிறது. சிக்னல் இல்லையென்றால் வீடியோ வேண்டாம், படம் காட்டு. பழைய மாடலுக்கு யாரும் படம் வரையவே இல்லை. வெற்றுக் கட்டம் அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ அதன்மேல் 'காட்டாதே' போட்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரும் சரியாத்தான் செஞ்சிருக்காங்க," என்றார் மேடம். "சேந்துதான் தப்பாயிடுச்சு." முனிரத்தினத்தைப் பார்த்தார். "நீ பொய் சொல்லல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த துண்டுகளைச் சேர்க்கத் தொடங்கினான். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.

காட்டினால்தான் முதலாளியும் நம்புவார் என்பதால் அந்த அத்தியாயத்தை அன்றே திருத்த உட்கார்ந்தோம், மேடம் நின்றார். ஒரே வாக்கியம் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருந்தது. புத்தகத்தில் 'எதிர்ப்பக்கப் படத்தில் காட்டியபடி', போனில் 'கீழே உள்ள படத்தைத் தொட்டு', வலையில் 'வலப்புறம் பார்க்க', சின்னத் திரையில் படமே இல்லாததால் வேறொன்று. மேடம் முனிரத்தினத்திடம் கேட்டார்.

"இந்தத் திருகு எங்க இருக்குதுன்னு உன் ஆளுக்கு எப்படிச் சொல்லுவ?"

"பொட்டியோட இடது ஓரத்துல, செவப்பு திருகுன்னுவேன். வேற இன்னா சொல்றது?"

'பெட்டியின் இடது ஓரத்தில் உள்ள சிவப்புத் திருகு.' எழுதினோம். இது நான்கு இடத்துக்கும் பொருந்தியது. பக்கத்தைப் பற்றி எழுதினால்தான் பக்கத்துக்குப் பக்கம் மாறும்; பெட்டியைப் பற்றி எழுதினால் மாறாது. அந்த ஒரு மாற்றத்தில் பாதி டேக்குகள் உதிர்ந்தன. வரி எல்லா இடத்திலும் இருக்கட்டும், வீடியோ இருந்தால் கூடுதலாக வரட்டும் என்று வைத்ததில் மிச்சமும் போயின. இருட்டுவதற்கு முன்னால் முனிரத்தினத்தின் போனில் ஏற்றி, சிக்னலை அணைத்துத் திறந்தோம். ஆறாவது படி வந்து நின்றது. மேடம் சொன்னார், "சரி, அடுத்தது."

மறுநாள் முதலாளி வந்தார். மேசையில் முனிரத்தினத்தின் கார்டு இருந்தது. மேடம் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், ஒன்றில் பழைய கோப்பு, இன்னொன்றில் திருத்தியது. முதலாளி இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சரிம்மா. போன்ல இல்ல. ஆனா இத்தனை வருஷமா வேலை செய்யறவனுக்கு அனுபவத்துல தெரியாதா?"

முனிரத்தினம் மெதுவாகத்தான் சொன்னான்.

"தெரியும் சார். இதுக்கும் முன்னாடி வந்த மாடலுக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சேன். போன டிரெய்னிங்ல நீங்கதான் சார் மேடை ஏறி சொன்னீங்க, போன்ல இருக்கறதைச் செய், இல்லாததைச் செய்யாதன்னு. செட் பட்டன் ஸ்டெப்பு காணும், சரி, இந்தப் பொட்டி தானா கத்துக்கும் போலன்னு வுட்டுட்டேன்."

மேலாளர் இருமினார். முதலாளி கார்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"அந்தம்மாவுக்குக் கம்பெனி செலவுல மோட்டார் ஒண்ணு எடுத்துகினு போய் இறக்கிக் குடு. நாளைக்கே."

முனிரத்தினம் கார்டைச் சட்டைப் பையில் வைத்து வெளியிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு இன்னொரு முறை தட்டிப் பார்த்தான்.

"மத்த அத்தியாயம்லாம்?" என்றார் முதலாளி. "அதுலயும் இப்படி இருக்குமா?"

"இருக்கும் சார். அழிச்சாத்தான் தெரியும்," என்றார் மேடம்.

"யாரு அழிக்கறது?"

செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். என் ரெக்சின் பை கதவோரம் கிடந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஏகாம்பரண்ணா செய்வாரு. எதையும் வுட்டுட்டுப் போறதுக்கு மனசு கஷ்டப்படாத ஆளு இங்க அவரு ஒருத்தர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "மேடம், என்னால ஒரே எடத்துல உக்காந்துகினு இருக்க முடியாது. நாலு மாசத்துல கெளம்பிடுவேன்."

"உங்களை யாரு உக்காரச் சொன்னது? ஆபீஸ்ல உக்காந்து அழிச்சா மறுபடி யாரையாவது கெணத்துல தள்ளிடுவோம். முனிரத்தினம் போற எடத்துக்கெல்லாம் போங்க. அவன் வேலை செய்யட்டும், நீங்க பாருங்க. எந்த வரி அவனுக்கு வேணும், எந்த வரியை அவன் தாண்டிப் போறான்னு வந்து சொல்லுங்க. அழிக்கறது நீங்க, கையெழுத்து நான். திட்டு வந்தா எனக்கு வரட்டும்."

அப்படியொரு வேலை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வயல் வயலாகச் சுற்றுவதற்குச் சம்பளம். பிறகு ஓய்வு பெறும் வரை நான் அங்கேயே இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மழையில் நனைந்தேன், இரண்டு முறை வண்டியிலிருந்து விழுந்தோம், வெயிலில் ராஜம்மாவைப் போன்றவர்களிடம் நிறைய வசவு வாங்கினேன். கோப்பு மெலிந்துகொண்டே வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் சொன்னது இதைத்தான்.

முதலாளி கார்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை முனிரத்தினத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ராஜம்மாவின் நிலத்துக்குப் போனேன். புது மோட்டார் முன்பே வந்து வரப்பில் கிடந்தது. அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ராஜம்மா எங்களுக்கு மோர் கொண்டுவரப் போனார். நான் அச்செடுத்த மூலக் கோப்பை முழங்கால் மேல் விரித்துப் பேனாவை எடுத்துக்கொண்டேன். அவன் கை எந்த வரியில் நிற்கிறது, எந்த வரியில் நிற்காமல் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அவன் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, சிவப்பு ஒயரைப் பிடித்துவிட்டான். நான் இன்னும், எங்கள் தயாரிப்பை வாங்கியதற்கு வாழ்த்துகள் என்கிற முதல் பக்கத்தில் இருந்தேன்.

அதன்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.